ஒரகடத்தில் ஒரு டீச்சரம்மா

போன மாதம் இதே பக்கத்தில் 'மறக்க முடியாத பத்து நாவல் நாயகிகள்' என்று ஒரு பட்டியல் போட்டிருந்தேன். எழுதுவதற்கு இதைவிடச் சுலபமான கட்டுரை உலகத்தில் கிடையாது. குந்தவை, நந்தினி, பூங்குழலி மூன்று பேருக்கும் ஸீட் ஏற்கெனவே ரிஸர்வ் ஆகிவிட்டது. 'மோகமுள்' யமுனாவை விட்டால் கும்பகோணத்துக்காரர்கள் ஆள் அனுப்புவார்கள். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' கங்கா, 'அம்மா வந்தாள்' அலங்காரம், 'தண்ணீர்' ஜமுனா... மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிட்டேன்.

கடிதங்கள் வந்தன. பாதிப் பேர் நந்தினி கட்சி, பாதிப் பேர் குந்தவை கட்சி. 2022-லும் 2023-லும் மணிரத்னம் படம் இரண்டு பாகமாக வந்த பிறகு இந்தச் சண்டையை யாராலும் தீர்த்து வைக்க முடியாது. ஒரு வாசகர், 'நந்தினி மாதிரி பெண் இருந்தால் சொல்லுங்கள், ஜாதகம் அனுப்புகிறேன்' என்று எழுதியிருந்தார். (கதையை அவர் கடைசி வரை படிக்கவில்லை போலிருக்கிறது. பாவம்!)

அப்புறம்தான் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"டேய், உன் லிஸ்ட்டைப் படிச்சேன்."

"எப்படிக்கா இருந்துது?"

"எல்லாரும் அழகான பொம்பளைங்களாவே இருக்காங்க. அந்த டீச்சரம்மா எங்கடா?"

"எந்த டீச்சரம்மா?"

அந்தப் பக்கம் இரண்டு விநாடி சத்தமே இல்லை. பிறகு யாரோ, 'அக்கா, தண்ணி லாரி!' என்று கத்தினார்கள். "சரி, வெச்சுடறேன். நீயெல்லாம் எழுதறே!" என்று லைன் கட்டாகிவிட்டது.

அக்கா பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். நான் பி.காம். எனக்கே மறந்துபோன ஒரு பாத்திரத்தை அக்கா ஞாபகம் வைத்திருக்கிறாள் என்றால் ரோஷம் வராதா? பரணில் ஏறி, தூசி தட்டி, அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலைத் தேடி எடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பையில் போட்டுக்கொண்டு பூந்தமல்லியில் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஏறினேன். அக்கா இருப்பது அதையும் தாண்டி ஒரகடத்தில். தொழிற்சாலைப் பெண்கள் தங்கும் ஒரு விடுதியில் வார்டன்.

* * *

ஜன்னல் ஸீட் கிடைத்தது. புத்தகத்தைப் பிரித்தேன். பக்கத்து ஸீட் இளைஞர் (கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, கண்ணில் நைட் ஷிப்ட் தூக்கம்) அட்டையை எட்டிப் பார்த்தார்.

"ஸார், இது சரிதா நடிச்ச படம்தானே?"

"அது 'தண்ணீர் தண்ணீர்'. 1981-ல் பாலசந்தர் எடுத்தது, கோமல் சுவாமிநாதன் நாடகம். இது ஒரே ஒரு தண்ணீர்."

"கதை நல்லாருக்குமா?"

சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. 1973-ல் புத்தகமாக வந்த சின்ன நாவல். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம். ஒரு தெரு. எல்லார் கையிலும் குடம். அந்தத் தெருவில் ஜமுனா என்று ஒரு பெண். சினிமாவில் பெரிய சான்ஸ் வரும் என்று பாஸ்கர் ராவ் என்பவனை நம்பி, வாழ்க்கையைக் கோட்டை விட்டுக்கொண்டிருப்பவள். அவளுடைய தங்கை சாயா கோபித்துக்கொண்டு பிரிந்து போகிறாள். இவ்வளவுதான் கதை. இதை எப்படி ஒரு நைட் ஷிப்ட்காரரிடம் சொல்வது? அதற்குள் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். எனக்கும் சௌகரியம்.

பஸ் செம்பரம்பாக்கம் ஸ்டாப்பிங்கைத் தாண்டியது. 'தண்ணீர்' படிக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. 24 அடி ஆழமும் 3.645 டி.எம்.சி. கொள்ளளவும் உள்ள இந்த ஏரியிடம் சென்னைக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு. 2015 டிசம்பரில் நிரம்பி வழிந்து நம்மை மொட்டைமாடிக்கு ஏற்றியது. 2019 கோடையில் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அந்த ஜூலையில்தான் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்தது. அந்த 2019-க்குப் பிறகு வருகிறேன். எனக்கும் அதற்கும் ஒரு சொந்தக் கணக்கு இருக்கிறது.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சுவர் ஓடியது. 1998-ல் இங்கே முதல் ஸான்ட்ரோ வெளியே வந்தபோது, இந்த ரோட்டில் மாட்டு வண்டிகளும் சேர்ந்தே போயின. ஸ்ரீபெரும்புதூர் என்றால் அதுவரை நம்மவர்களுக்கு இரண்டு விஷயம்தான். 1017-ல் பிறந்த ராமானுஜர், 1991 மே 21-ல் பறிபோன ராஜீவ் காந்தி. இன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் இறங்கி யாரையாவது நிறுத்திக் கேட்டால், "எந்த கம்பெனி? எத்தனை மணி ஷிப்ட்?" என்பார்கள். கோயிலுக்கு வழி கேட்டால்தான் விசித்திரமாகப் பார்க்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை சொல்கிறேன். சென்னைவாசிகள் குளித்து, துவைத்து, கழுவிவிட்ட சாக்கடைத் தண்ணீர் இருக்கிறதே, அது கோயம்பேட்டில் சுத்திகரிக்கப்பட்டு, குழாய் வழியாக இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கு வருகிறது. 2019-ல் தொடங்கிய திட்டம், ஒரு நாளைக்கு நாலரைக் கோடி லிட்டர். நாம் கழுவிய தண்ணீரில்தான் கார் தயாராகிறது, ஸார். அதை வாங்கி மறுபடி நாமே கழுவுகிறோம்!

* * *

ஸ்ரீபெரும்புதூரில் பஸ் மாறினேன். சிங்கப்பெருமாள்கோயில் ரோடு. மாத்தூர், வல்லம் வழியாக ஒரகடம். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எங்கள் பஸ் கல்யாண கோஷ்டியில் மாட்டிக்கொண்ட சைக்கிள் மாதிரி ஊர்ந்தது. நல்லதாகப் போயிற்று. நான் தேடிய பக்கங்கள் அந்த ஊர்வலத்தில்தான் கிடைத்தன.

ஜமுனாவுக்கு இனி வாழ்ந்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தோன்றிவிட்ட நேரம். தெருவே அவளைப் பற்றி ஒரு மாதிரி பேசுகிறது. அப்போது பக்கத்து வீட்டு டீச்சரம்மா அவளைத் தன்னோடு கூப்பிட்டுக்கொள்கிறாள். மரியாதையான உத்தியோகம், குடும்பம், கௌரவம் எல்லாம் உள்ளவள். தெருக் கதவுகளெல்லாம் சாத்திக்கொள்ளும் இடத்தில் இவள் கதவைத் திறக்கிறாள். திறந்துவிட்டு, 'அழாதே, எல்லாம் சரியாகிவிடும்' என்று சொல்வதில்லை. கொஞ்சம் கோபமாகவே தன் கதையைச் சொல்கிறாள். பதினைந்து வயதில், தன்னைவிட ரொம்ப மூத்த, இருமலோடு போராடும் ஒரு மனிதருக்கு வாழ்க்கைப்பட்டது. மாமியார். வீட்டு வேலை, பள்ளிக்கூட வேலை, திரும்பி வந்தால் மறுபடி வீட்டு வேலை. இடையில் தண்ணீர்.

'உன் கஷ்டம் ஒன்றுமே இல்லை' என்று அவள் சொல்லவில்லை. தன் கஷ்டத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைக்கிறாள், அவ்வளவுதான். இரண்டு குடத்தை அருகருகே இறக்கி வைப்பது போல. அதற்குப் பிறகு நாம் பார்க்கும் ஜமுனா வேறு ஜமுனா. தலை நிமிர்ந்த ஜமுனா.

ஆனால் டீச்சரம்மாவுக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. அவள் கணவரின் இருமல் நிற்கவில்லை, மாமியார் திருந்தவில்லை. முழுப் பெயர்கூட வேண்டாம், ஒரு பெயர்? அதுவும் இல்லை. உத்தியோகம்தான் பெயர். டீச்சரம்மா!

பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். அசோகமித்திரன் பல வருஷம் ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். காமிராவின் ஓரத்தில், நாயகிக்குப் பின்னால், கூட்டத்தில் ஒருத்தியாக நிற்கும் பெண்களைத் தினமும் பார்த்திருப்பார். அப்படி ஓரத்தில் நின்ற ஜமுனாவைக் கூட்டி வந்து நாவலின் நடுவில் நிறுத்தினார். சரி. அதே நாவலில் எக்ஸ்ட்ரா வேஷம் யாருக்கு? டீச்சரம்மாவுக்கு. சினிமாக்காரன் ஜமுனாவைக் கவனிக்கவில்லை என்று இருபது வயதில் படித்தபோது எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. நான் மட்டும் என்ன செய்தேன்? டீச்சரம்மா வந்த பக்கங்களைப் புரட்டிக்கொண்டு, ஜமுனா எப்போது வருவாள் என்று பார்த்திருக்கிறேன்.

பி.காம். படித்தவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால், விழும் வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று ஒன்றில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். பாலன்ஸ் ஷீட்டைப் பார்க்கிறவர் யாரும் அதைப் பாராட்ட மாட்டார். ஆனால் அது இல்லாவிட்டால் கணக்கு நிற்காது. 'தண்ணீர்' நாவலின் சஸ்பென்ஸ் அக்கவுன்ட் டீச்சரம்மா.

* * *

வல்லம் வடகாலில் அந்தப் பெரிய விடுதிக் கட்டடங்கள் தெரிந்தன. தொழிற்சாலைப் பெண்களுக்காக அரசு கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தது. 706 கோடி ரூபாய்ச் செலவு, 18,720 பேர் தங்கலாம். ஒரு சின்ன டவுனின் ஜனத்தொகை! இந்தியாவில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் பெண்களில் பத்துக்கு நாலு பேர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். அதில் கணிசமான பேர் இந்த ரோட்டில்தான் பஸ்ஸுக்கு நிற்கிறார்களோ என்று தோன்றும். 2006-ல் நோக்கியா வந்தபோது அவர்கள் கையில் முதல் சம்பளக் கவர் வந்தது. 2014-ல் நோக்கியா மூடியபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு கேட்டில் வரிசையில் நின்றார்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நூறு பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, மற்றவர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். பெங்களூர் போகிற கார்கள் எல்லாம் நின்றன. நாட்டுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, இத்தனை பெண்கள் இங்கே இருக்கிறார்கள் என்று.

அக்கா வேலை பார்ப்பது அந்தப் பெரிய கட்டடத்தில் இல்லை. ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு மூன்று மாடி வாடகைக் கட்டடம். நூற்றுப் பத்து பெண்கள். நான் போனபோது சாயங்காலம் ஐந்து மணி.

"ஆம்பளைங்க இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது" என்று கேட்டுக்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினாள் அக்கா.

"நான் தம்பிக்கா!"

"தம்பின்னா பொம்பளையா? உக்காருடா."

உட்கார்ந்தேன். டீ வந்தது. புத்தகத்தை எடுத்து விஷயத்தை ஆரம்பிக்கலாம் என்று பார்த்தால், படிக்கட்டில் ஒரு பெண் பையோடு உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது வயது இருக்கும். செங்கம் பக்கத்து ஊராம். வேலைக்கு வந்து எட்டு நாள். எட்டு மணி நேரம் நின்று கால் வீங்கிவிட்டது. லைனில் யாரோ திட்டிவிட்டார்கள். ஊருக்குப் போகிறேன் என்று காலையிலிருந்து அழுகை. ஊருக்குப் போனால் அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் வைத்துவிடுவார்கள் என்று அதற்கும் சேர்த்து அழுகை.

அக்கா அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "சாப்பிட்டியா?"

"இல்லக்கா."

"சாப்பிட்டுட்டு அழு. வெறும் வயித்துல அழுதா தலைவலி வரும்."

ஆறரை மணிக்குத் தண்ணீர் லாரி வந்தது. அக்கா என் கையில் ஹோஸ் பைப்பைத் திணித்தாள். (கோட்டைத் தாண்டலாமா என்று கேட்டேன். முறைத்தாள்.) அந்தப் பெண்ணிடம் டார்ச்சைக் கொடுத்து, "சம்ப்புல எவ்வளவு ஏறுதுன்னு பார்த்துச் சொல்லு" என்றாள். அப்புறம் சம்ப் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, யாரிடமும் சொல்லாதது போலச் சொல்ல ஆரம்பித்தாள்.

"எனக்குப் பத்தாவதுல நானூத்திப் பன்னெண்டு மார்க். ஸ்கூல்ல ரெண்டாவது. எங்கப்பா, ரெண்டு பேரைப் படிக்க வைக்க முடியாது, தம்பி ஆம்பளப் பையன்னுட்டார். பத்தொம்பதுல கல்யாணம். நல்ல மனுஷன்தான். லாரி ஓட்டினார். ஆக்ஸிடென்ட் ஆகி மூணு வருஷம் படுத்த படுக்கை. அப்ப எனக்கும் பையைத் தூக்கிட்டுக் கிளம்பிடலாமான்னு இருந்துது. எங்க கிளம்பறது? விடிஞ்சா தண்ணி பிடிக்கணும். எவ்வளவு ஏறியிருக்கு?"

"பாதிக்கா" என்றாள் அந்தப் பெண்.

நானூற்றுப் பன்னிரண்டு! என் பத்தாம் வகுப்பு மார்க், பிளஸ் டூ மார்க், பி.காம். மூன்று வருஷ மார்க், சி.ஏ. இன்டரில் நான் கோட்டை விட்ட மார்க் எல்லாம் அக்காவுக்கு மனப்பாடம். அக்காவின் மார்க்கை என் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்கிறேன். அதுவும் ஒரகடத்தில், ஒரு சம்ப் பக்கத்தில், வேறு யாருக்கோ அவள் சொல்லும்போது. ஹோஸ் என் கையிலிருந்து நழுவி என் பேன்ட்டை நனைத்தது.

"இதோ நிக்கறானே, எந்தம்பி" என்று அக்கா தொடர்ந்தாள். "பி.காம். இவனே 2019-ல வேலை போயி மூணு மாசம் கட்டில்ல கெடந்தான். ஒரு பைப்பு பிடிக்கத் தெரியுதா பாரு."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். மானம் போனாலும் பரவாயில்லை, அன்றைக்கு அந்தச் சிரிப்புக்கு நான்தான் காரணம்.

லாரி போனதும் அக்கா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். "உங்க ஊருக்குப் போகணும்னா இங்கேருந்து ஆறு மணிக்கு பஸ்ஸு. ஏ ஷிப்ட் வண்டி அஞ்சே காலுக்கு. ரெண்டுல எதுக்கு எழுப்பணும்னு ராத்திரி படுக்கறதுக்கு முன்னால சொல்லிடு."

அவ்வளவுதான். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

* * *

2019-ஐப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. அந்த மே மாதம் நான் கணக்கெழுதிக்கொண்டிருந்த ஆபீஸில் பதினோரு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். பத்தோடு பதினொன்று என்பது பழமொழி இல்லை, நான்தான். பூந்தமல்லியில் ஒற்றை அறை. கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டேன். போனை எடுக்கவில்லை. அக்கா பத்து நாளைக்கு என்று வந்து ஒன்றரை மாதம் இருந்தாள். தினமும் விடியற்காலை நாலரை மணிக்கு, "டேய், லாரி வந்துடுச்சு" என்று உலுக்குவாள். இரண்டு குடத்தோடு தெருமுனைக்கு ஓட வேண்டும். வேலை போனவனிடம் கொஞ்சமாவது இரக்கம் வேண்டாமா என்று மனசுக்குள் திட்டியிருக்கிறேன். ஆனால் குடத்தோடு வரிசையில் நின்றால் பக்கத்தில் நிற்பவரிடம் பேசித்தான் ஆகவேண்டும். அப்படிப் பேசிய ஒருவர்தான் எனக்கு அடுத்த வேலையைப் பற்றிச் சொன்னார். மத்தியானங்களில் நான் கவிழ்த்துப் போட்டிருந்த 'தண்ணீர்' புத்தகத்தை அக்கா எடுத்துப் படித்துக்கொண்டிருப்பாள்.

கிளம்பும்போது கேட்டேன். "ஏன்க்கா, அந்தப் புத்தகத்துல டீச்சரம்மாவைப் படிச்சுட்டுத்தானே என்னை அப்படி எழுப்பினே?"

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "புத்தகம் மத்தியானம்தானே படிச்சேன்? காலையில தண்ணி வேணும். நீ சும்மா படுத்திருந்தே. எனக்கு இடுப்பு வலி."

"அப்ப அந்தம்மாவை ஏன் அவ்வளவு பிடிச்சுது?"

"பிடிக்கறதுக்கு என்ன இருக்கு? ஆறுதல் சொல்லலை பார்த்தியா, அது. சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு இன்னும் அழுதிருக்கும். அப்புறம் அந்தம்மாவுக்கும் வீட்டுல வேலை இருக்குமில்ல?"

பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும். 'தண்ணீர்' பற்றி நான் கேட்ட விமரிசனங்களில் இதுதான் சுருக்கமானது. டீச்சரம்மா யாரையும் காப்பாற்றக் கிளம்பவில்லை. அவளுக்கே மூச்சுவிட நேரமில்லை. அந்த நேரமின்மையிலிருந்து ஒரு அரை மணியைக் கிள்ளி இன்னொருத்திக்குக் கொடுத்தாள். ஜமுனாவின் கண்ணீரைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டோம். அந்த அரை மணி நேரத்தை யாராவது குறித்து வைக்க வேண்டாமா?

ஆகவே ஒரு திருத்தம். போன மாதப் பட்டியலில் பத்துப் பேர் என்பதைப் பதினோரு பேர் என்று வாசகர்கள் திருத்திக்கொள்ளவும். நந்தினி, குந்தவை கட்சிக்காரர்கள் சண்டையைத் தொடரலாம், ஆட்சேபணை இல்லை.

இரண்டு நாள் கழித்து அக்காவுக்கு போன் போட்டேன். அந்தப் பெண் எந்த வண்டிக்கு எழுப்பச் சொன்னாள் என்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ரெண்டுக்கும் சொல்லலை" என்றாள் அக்கா. "நாலு மணிக்கு நான் எழுந்து பார்க்கறேன், பாத்ரூம் வரிசைல பக்கெட்டோட நிக்கறா. இந்த வாரம் ஏ ஷிப்ட். அடுத்த வாரம் தெரியாது."

"சரிக்கா. இந்த வாரம் உன்னைப் பத்தி எழுதறேன்."

"பேரைப் போட்டுடாதே, வேலை போயிடும். அந்தப் புத்தகத்தை அடுத்த தடவை கொண்டாந்து வெச்சுட்டுப் போ. இங்க ரெண்டு பொண்ணுங்க கேக்குதுங்க. இருடா, லாரிக்காரன் ஹாரன் அடிக்கறான்..."

லைன் கட்டாகிவிட்டது.